பைப்பர் கப், 1/24 அளவில்: ரப்பரில் பறக்கும் ஸ்கேல் மாடல்

முறுக்கிய ரப்பர் பட்டை புரொப்பல்லரைச் சுற்ற, தானாகவே பறக்கும் ஃப்ரீ ஃப்ளைட் மாடல் இது. கையை விட்டுக் கிளம்பிய பிறகு அதைத் திருத்த வழியில்லை. ரிமோட் கிடையாது, கயிறும் கிடையாது. நிஜ விமானம் சாய்ந்தால் விமானி நிமிர்த்துவார். இங்கே அந்த வேலையை இறக்கையின் கோணமும் எடை உட்கார்ந்திருக்கும் இடமும்தான் செய்ய வேண்டும். அதனால் நிஜ விமானத்தின் ஸ்கேல் வரைபடத்தை அப்படியே சுருக்கிக் கட்டினால் பெரும்பாலும் பறக்காது. எதில், எவ்வளவு மூலத்தை விட்டு விலகுவது என்று கட்டும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் மாடலுக்கு பைப்பர் ஜே-3 கப் என்ற சிறு விமானம் நல்ல தேர்வு. 1938 முதல் 1947 வரை, பெரும்பாலும் பென்சில்வேனியாவின் லாக் ஹேவனில் தயாரானது. மேலே இறக்கை, நேரான பக்கங்கள் கொண்ட உடல், மடங்காத சக்கரங்கள். இறக்கை விரிவு 10.74 மீட்டர், 1/24 அளவில் 447 மி.மீ. இறக்கை அகலம் 67 மி.மீ., நீளம் சுமார் 285 மி.மீ.

விலக வேண்டிய இடங்கள் மூன்று. நிஜ கப்பின் இறக்கைகள் ஏறக்குறைய தட்டையாகவே இருக்கும். மாடலில் ஒவ்வொரு முனையையும் 16 மி.மீ. உயர்த்துங்கள்; அது 4 டிகிரி. படுக்கை வாலின் நீளம், அகலம் இரண்டையும் 7 சதவீதம் கூட்டினால் பரப்பு 15 சதவீதம் போலக் கூடும், பார்ப்பவர் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மூன்றாவது புரொப்பல்லர். ஸ்கேல்படி 76 மி.மீ. வரும், அது ரப்பரின் சக்தியைக் காற்றைக் கலக்குவதிலேயே வீணாக்கும். 150 மி.மீ. பிளாஸ்டிக் புரொப்பல்லர் போடுங்கள். அது தரையில் இடிக்கும்தான். ஆனால் கையால் ஏவிப் புல்லில் இறக்கும் மாடலுக்கு அது ஒரு பொருட்டல்ல.

ரப்பர் இல்லாமல் மொத்த எடை 21 கிராமுக்குள் நிற்க வேண்டும். உடலும் சக்கரங்களும் 6, இறக்கை 4.5, வால் 1.2, புரொப்பல்லரும் அதைத் தாங்கும் மூக்குக் கட்டையும் 5, சட்டத்தை மூடும் மெல்லிய டிஷ்யூ தாளும் அதன் மேல் பூசும் டோப்பும் 1.5, மூக்கில் ஈயம் 2.5 என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். கப்பின் மூக்கு குட்டை. ஈர்ப்பு மையத்திலிருந்து வால் இருக்கும் தூரம் மூக்கின் தூரத்தைப் போல மூன்று மடங்கு. வாலில் ஒரு கிராம் கூடிப்போனால் அதைச் சரிக்கட்ட மூக்கில் மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும். ஒரு கிராம் அலட்சியத்துக்கு விலை நான்கு கிராம்.

பால்சா என்னும் இலேசான மரத்தை எடை போட்டு வாங்குங்கள். 1.6 மி.மீ. தடிமன், 75 மி.மீ. அகலம், 915 மி.மீ. நீளமுள்ள பலகை 10 அல்லது 11 கிராம் இருந்தால் வாலுக்கும் இறக்கையின் விலா எலும்புகளுக்கும் (குறுக்குச் சட்டங்கள்) ஏற்றது. 17 கிராம் போல இருந்தால் அது கடினமான ரகம். உடலின் நீளக் குச்சிகளுக்கு இந்தக் கடின ரகத்தில் 2.4 மி.மீ. சதுரம் வெட்டுங்கள். நான்கு குச்சிகளும் ஒரே பலகையில் அடுத்தடுத்து வெட்டியவையாக இருக்கட்டும். வேறு வேறு பலகையிலிருந்து எடுத்தால் ஒன்று அதிகம் வளையும், ஒன்று குறைவாக வளையும். கடைசியில் மேலிருந்து பார்த்தால் உடல் ஒரு பக்கமாக வளைந்து நிற்கும். அதை எந்த ட்ரிம்மாலும் (பறப்பைச் சீராக்கும் சிறு திருத்தம்) சரிசெய்ய முடியாது.

வரைபடத்தின் மேல் பாலித்தீன் தாளை விரித்து, உடலின் இரு பக்கங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாகவே கட்டுங்கள். அப்போதுதான் இரண்டும் ஒரே அச்சாக வரும். வெள்ளை மரப்பசையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து, குச்சி முனையால் துளி துளியாக வைத்தால் போதும். ரப்பரின் பின்முனையை மாட்டும் ஆணிக்கு 3 மி.மீ. அலுமினியக் குழாய் நல்லது. முறுக்கும்போது அதன் வழியே கம்பி செருகி மாடலைப் பிடித்துக்கொள்ளலாம். மூக்குக் கொக்கியிலிருந்து 190 மி.மீ. தூரத்தில் அதை வையுங்கள். இன்னும் பின்னால் தள்ளினால் ரப்பரின் எடை வாலுக்குப் போய்விடும்.

மூக்குக் கட்டை கழற்றக்கூடியதாக, ஆனால் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். தொளதொளவென்றிருந்தால் ரப்பர் தீர்ந்ததும் வானிலேயே கழன்று விழும். 1 மி.மீ. பியானோ கம்பியால் கொக்கி வளைத்து, ரப்பரை அறுக்காதபடி பிளாஸ்டிக் உறை மாட்டுங்கள். ஆரம்பத்திலேயே கட்டையை 2 டிகிரி கீழ்நோக்கியும் 2 டிகிரி வலப்புறமாகவும் சாய்த்து வையுங்கள். கட்டை 20 மி.மீ. அகலமென்றால் அதன் விளிம்புக்குப் பின்னால் செருகும் 0.4 மி.மீ. அட்டை ஒன்று ஏறத்தாழ 1 டிகிரி தரும்.

இறக்கையின் முன்விளிம்பு பின்விளிம்பைவிட 3.5 மி.மீ. உயரமாக உட்கார வேண்டும். அது 3 டிகிரி. படுக்கை வால் பூஜ்ஜியத்தில். வாலை ட்ரிம் முடியும் வரை இரண்டு பசைப் பொட்டுகளில் மட்டும் நிறுத்துங்கள்.

சட்டத்தை மூடுவதற்கு மஞ்சள் டிஷ்யூ வாங்குங்கள். வெள்ளையில் பெயின்ட் அடித்தால் எடை ஏறும். பக்கவாட்டு மின்னல் கோட்டைக் கறுப்பு டிஷ்யூவில் வெட்டி ஒட்டலாம். டிஷ்யூவின் இழை இறக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும். குளூ ஸ்டிக்கால் விளிம்பில் ஒட்டி, தண்ணீரைப் பனிபோலத் தெளித்துச் சுருங்கவிடுங்கள். மாடலின் குணம் பெரும்பாலும் இந்த ஈரம் காயும் நேரத்தில்தான் தீர்மானமாகிறது. இறக்கையைப் பலகையில் ஊசியால் நிறுத்தி, வலது முனையில் பின்விளிம்புக்கு அடியில் 2 மி.மீ., இடது முனையில் 1 மி.மீ. முட்டுக் கொடுத்து இரவு முழுக்க விடுங்கள். பின்விளிம்பு முனையில் இப்படி மேலேறி நிற்பதுதான் வாஷ் அவுட். வேகம் குறையும்போது இறக்கை முனை முதலில் தூக்கும் சக்தியை இழந்து, அதாவது ஸ்டால் ஆகி, குப்புறக் கவிழாமல் அது காக்கும். இடப்பக்கம் குறைத்ததற்குக் காரணம், ரப்பரின் முறுக்கு மாடலை இடப்பக்கம் உருட்டப் பார்க்கும். இடது இறக்கை சற்று அதிகமாகத் தூக்கினால் அது அடங்கும். அதன்பின் பாதிக்குப் பாதி தின்னர் கலந்த நைட்ரேட் டோப், ஓரிரு துளி விளக்கெண்ணெயுடன், ஒரே ஒரு பூச்சு. எண்ணெய் இல்லையென்றால் டோப் மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே போய் இறக்கையைத் திருகிவிடும்.

களத்துக்குப் போகும் முன், புரொப்பல்லரும் ரப்பரும் மாட்டிய நிலையில், இறக்கை முன்விளிம்பிலிருந்து 20 மி.மீ. பின்னால் இரண்டு விரல் நுனிகளில் தாங்குங்கள். சமமாக நிற்கும் வரை மூக்கில் ஈயம். 23 மி.மீ.க்குப் பின்னால் எக்காரணம் கொண்டும் போக வேண்டாம். பின்னாலிருந்து பார்த்து இறக்கையில் வேண்டாத திருகல் தெரிந்தால், கெட்டில் ஆவியில் காட்டி எதிர்ப்பக்கம் திருப்பி, ஆறும் வரை பிடியுங்கள்.

ரப்பருக்கு 4.8 மி.மீ. அகலப் பட்டை ஒரு வளையம், வளைய நீளம் 270 மி.மீ.; சுமார் 2.6 கிராம் வரும். ரப்பரின் மேலிருக்கும் பவுடரைக் கழுவி, காயவைத்து, சிலிக்கான் எண்ணெய் தடவுங்கள். இதே அளவில் இன்னொரு வளையம் செய்து அறும்வரை முறுக்கி எண்ணுங்கள். அந்த எண்ணில் 80 சதவீதம்தான் உங்கள் உச்ச வரம்பு. இந்த அளவுக்கு அது பெரும்பாலும் 500ஐ ஒட்டி வரும்.

காற்று அசையாத அதிகாலை, உயரமாக வளர்ந்த புல்: இரண்டும் இருந்தால்தான் முதல் சோதனை, அதுவும் ரப்பரை முறுக்காமல். தோள் உயரத்தில் பிடித்து, தரையில் சற்றுத் தொலைவான இடத்தைக் குறிவைத்து, மூக்கு லேசாகத் தாழ்ந்திருக்க, மாடல் தானே பறக்கும் வேகத்தில் விடுங்கள். மேல்நோக்கி எறிவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. எறிந்த ஸ்டாலை மாடலின் ஸ்டால் என்று நினைத்து ஈயத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மூன்று முறை ஒரே மாதிரி விழுந்த பிறகே எதையும் மாற்றுங்கள். மூக்கைத் தூக்கித் தயங்கி விழுந்தால், படுக்கை வாலின் முன்விளிம்புக்கு அடியில் 0.4 மி.மீ. அட்டை. நேரே குத்தினால் அதே அட்டை பின்விளிம்புக்கு அடியில். கிளைடில், அதாவது ரப்பரின் சக்தியில்லாமல் மிதந்து இறங்கும்போது, அகலமான இடது வளைவு வேண்டும். அதற்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது படுக்கை வாலின் இடது முனை 3 மி.மீ. உயர்ந்திருக்கும்படி சாய்த்து ஒட்டுங்கள். நிமிர்ந்த வாலைத் திருப்ப வேண்டாம். மெதுவான கிளைடில் அடக்கமாக இருக்கும் திருப்பம், முழுச் சக்தியின் வேகத்தில் சுழன்று விழும் குத்தலாகிவிடும்.

கிளைடு சரியானதும் வாலை மறந்துவிடுங்கள். இனி மூக்குக் கட்டை மட்டும். 100 சுற்றில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 50 கூட்டுங்கள். சக்தியில் மூக்கைத் தூக்கித் தொங்கினால் இன்னொரு அட்டை கீழ்நோக்கி. இடப்பக்கம் இறுகிச் சுழன்றால் வலப்புறமாக ஒரு அட்டை. வளைவே இல்லாமல் நேரே போனால் வலப்பக்க அட்டையில் பாதியை எடுங்கள். வளைவின் விட்டம் 15 முதல் 20 மீட்டர் இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான்.

300 சுற்றுக்கு மேல் கையால் புரொப்பல்லரைச் சுற்றக் கூடாது. ரப்பரின் முன்முனையைக் கழற்றி, கொக்கி வைத்த முறுக்கு எந்திரத்தில் மாட்டி, மூன்றரை மடங்கு இழுத்துப் பாதிச் சுற்றுகளைக் கொடுத்து, மீதியைக் கொடுத்தபடியே நெருங்கி வாருங்கள். உடலுக்குள் ஒரு குழாயைச் செருகி அதற்குள் முறுக்கினால், ரப்பர் அறுந்தாலும் மாடல் சிதையாது. 500 சுற்றில் இந்தக் கப் அரை நிமிடம் வரை மேலே நிற்கும். வெயில் ஏறிய பிறகு முழுச் சுற்று வேண்டாம். சூடான காற்றுத் தூண் ஒன்றில் சிக்கினால் ரப்பர் தீர்ந்த பின்னும் அது ஏறிக்கொண்டே போகும். எதற்கும் உடலுக்குள் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி ஒட்டி வையுங்கள்.