கமிஷிபாய்: 12 அட்டையில் ஒரு நாடகம்

ஒரு பக்கம் படமும் மறுபக்கம் வசனமுமாக உள்ள அட்டைகளைச் சிறு மேடையில் வைத்து, ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்லும் ஜப்பானியக் கலை கமிஷிபாய். கமி என்றால் காகிதம், ஷிபாய் என்றால் நாடகம். 1930 வாக்கில் டோக்கியோ தெருக்களில் சைக்கிளில் சிறு மர மேடையைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள், இரண்டு கட்டைகளைத் தட்டிப் பிள்ளைகளைக் கூட்டி, மிட்டாய் விற்றுக் கதை சொன்னார்கள். தொலைக்காட்சி வந்த புதிதில் அதையே ‘மின்சாரக் கமிஷிபாய்’ என்றார்களாம். தெருவில் அருகிப்போனாலும் ஜப்பானிய நூலகங்களில் இன்றும் இது உண்டு. அட்டைக் கட்டு ஒன்றைப் புத்தகம்போல இரவல் எடுக்கலாம். நம் நூலகச் சிறுவர் பிரிவிலும் செய்யக்கூடியதுதான்.

அச்சில் வரும் கட்டுகளில் பெரும்பாலும் 12 அல்லது 16 அட்டைகள் இருக்கும். முதல் முயற்சிக்கு 12 போதும். ஏ3 தாள் (42 × 29.7 செ.மீ.), 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம், படுக்கை வாட்டம். மெல்லிய தாள் இழுக்கும்போது மடங்கும். பளபளப்பான லேமினேஷன் வேண்டாம்: விளக்கு பட்டுக் கண் கூசும், அட்டைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கோடுகளைத் தடித்த கறுப்பு மார்க்கரால் போடுங்கள். வரைந்ததும் சுவரில் சாய்த்து வைத்து ஐந்து மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியாவிட்டால் திரும்ப வரையத்தான் வேண்டும். படத்துக்குள் எழுத்து எதுவும் கூடாது.

பின்பக்க எழுத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முதல் படத்தைப் பிள்ளைகள் பார்க்கும்போது கதைசொல்லியின் கண்ணுக்குத் தெரிவது கடைசி அட்டையின் முதுகு. ஆகவே 1ஆம் படத்தின் வசனம் 12ஆம் அட்டையின் பின்னால் இருக்க வேண்டும். 1ஆம் அட்டையை உருவிக் கடைசியில் செருகியதும் அதன் முதுகு தெரியும். அங்கே 2ஆம் படத்தின் வசனம். 2இன் பின்னால் 3. இப்படியே போகும். ஒவ்வொரு முதுகிலும் மூலையில் எதிரே தெரியும் படத்தைச் சின்னதாக வரைந்து வைத்தால் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

மேடைக்கு ஒரு கெட்டியான அட்டைப்பெட்டி போதும். முன்பக்க ஜன்னல் 40 × 27.5 செ.மீ.; அட்டையின் ஓரங்கள் சட்டத்துக்குள் மறைய வேண்டும். உள்ளே 2 செ.மீ. ஆழத்துக்கு இடம். பார்ப்பவர்களின் இடப்பக்கச் சுவரை முழுதும் வெட்டிவிடுங்கள், அட்டை வெளியே வருவது அந்த வழியாகத்தான். பின்னாலும் ஒரு ஜன்னல், ஆனால் சுற்றிலும் 3 செ.மீ. விளிம்பு விடாவிட்டால் அட்டைகள் சரிந்து விழும்.

இழுப்பதில்தான் இந்தக் கலையின் உயிரே இருக்கிறது. அட்டை இடப்பக்கம் நகரும்போது அடுத்த படத்தின் வலப்பாதி முதலில் தெரியும். இதைக் கணக்கில் வைத்து வரையுங்கள். இடப்பக்கம் பார்த்து நிற்கும் யானையை வரைந்து, முந்தைய அட்டையைப் பாதிவரை மட்டும் இழுத்து நிறுத்தினால் தெரிவது வால். கயிறா, பாம்பா என்று கூச்சல் எழும். அடங்கும்வரை காத்திருந்து மீதியைச் சட்டென்று உருவுங்கள். நிறுத்த வேண்டிய இடத்தைப் பின்பக்கம் பென்சில் கோடாகக் குறித்து வையுங்கள். பிரிவுக்கும் இரவுக்கும் மெதுவாக, இடிக்கும் புயலுக்கும் வேகமாக. எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் இழுத்தால் அது வெறும் படக்காட்சி.

பிள்ளைகள் ஜமுக்காளத்தில், மேடை மேசைமேல், முதல் வரிசை ஒன்றரை மீட்டர் தள்ளி. 25 பேருக்கு மேல் வேண்டாம். மேடைக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் படம் இருண்டு தெரியும். நீங்கள் பின்னால் ஒளியாமல், அட்டை வெளிவரும் பக்கமாக முகம் தெரிய நில்லுங்கள்.

திருப்பூர் போன்ற ஊர்களில் இந்தி, ஒடியா பேசும் பிள்ளைகளும் வருவார்கள். படத்தில் எழுத்து வேண்டாம் என்றது இதற்கும்தான்: வசனத்தைத் தனித்தாளில் எழுதி கிளிப் போட்டால் மொழியை மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு அட்டையையும் இரு மொழியில் முழுதாகச் சொன்னால் கதை நொண்டும். தமிழில் சொல்லிக்கொண்டே போய், திரும்பத் திரும்ப வரும் ஒரு வரியை மட்டும் அவர்கள் மொழியில் எல்லோரையும் சொல்ல வையுங்கள். உச்சரிப்பை அந்தப் பிள்ளைகளே திருத்துவார்கள், அதில் அவர்களுக்கு ஏகப் பெருமை.

தொடங்கும் முன் அட்டை வரிசையை எண்ணிப் பாருங்கள். போன முறை கடைசியில் நின்ற இடத்திலேயே கட்டு இருக்கும். இரவல் போய்த் திரும்பும்போதும் 12 எண்ணி வாங்குங்கள். மழைக்காலத்தில் அட்டை வளையும். படுக்கவைத்து மேலே கனமான அகராதி ஒன்றை வைத்தால் இரண்டு நாளில் நிமிர்ந்துவிடும்.