பெரிய கான்ஃபிகரேஷன் மட்டும் ஏறவில்லை

ஒரு 4ஜி செல்பேசி கோபுரத் தளம். அழைப்பு, டேட்டா, அலாரம் எல்லாம் சரி. மைய மேலாண்மை சர்வரிலிருந்து கான்ஃபிகரேஷன் அனுப்பினால் மட்டும் பாதியில் தொங்கி டைம்அவுட் ஆகும். ரீஸ்டார்ட் செய்தோம், சான்றிதழைப் புதுப்பித்தோம், போர்ட்களைப் பார்த்தோம், பலனில்லை. பிங்கும் (இணைப்பைச் சோதிக்கும் சிறு பாக்கெட்) தடையில்லாமல் போய்வந்தது.

கவனிக்க வேண்டியது இது: ஒற்றை பாராமீட்டர் மாற்றம் ஏறிவிடும், அண்டை செல்களின் நீண்ட பட்டியல்தான் நிற்கும். அப்புறம், துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் (ஹெடரோடு 1500) பிங் அனுப்பினேன். பதிலே இல்லை, 1372 (ஹெடரோடு 1400) போனது. தளத்துக்கும் சர்வருக்கும் நடுவிலுள்ள ஐபிசெக் டனலின் (மறையாக்கப்பட்ட பாதை) ஹெடர் சேர்ந்ததும் பெரிய பாக்கெட் 1500 பைட் வரம்பைத் தாண்டுகிறது. அதை அனுப்பியவருக்குத் தெரிவிக்கும் ஐசிஎம்பி செய்தியை (நெட்வொர்க்கின் பிழை அறிவிப்பு) நடுவிலிருந்த ஃபயர்வால் தடுத்துவிட்டது.

தளத்தின் மேலாண்மை இன்டர்ஃபேஸில் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1400 ஆக்கினேன். திறந்திருந்த இணைப்பையும் துண்டித்து மறுபடி இணைக்க வேண்டும். ஏனென்றால் எம்எஸ்எஸ் அளவு, அதாவது ஒரு பாக்கெட்டில் எவ்வளவு டேட்டா போகலாம் என்பது, இணைப்பு தொடங்கும்போதுதான் முடிவாகும். அதன்பின் பட்டியல் முழுதாக ஏறியது. அப்பாடா!