கண்ணில் படாத விலங்கு செத்துப்போனதா? உயிர்பிழைப்பு வீதக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

100 பறவைகளுக்குக் கால்வளையம் மாட்டி விடுகிறோம். அடுத்த ஆண்டு அதே இடத்தில் தேடினால் 48 பறவைகள் மட்டும் தென்படுகின்றன. உடனே ‘உயிர்பிழைப்பு வீதம் 48 சதவீதம்’ என்று எழுதிவிடுகிறோம். முதல் தவறு, பெரிய தவறு, இதுதான்.

ஏனென்றால் அந்த 0.48 இரண்டு எண்களின் பெருக்கல். பறவை உயிரோடு இருக்கும் வாய்ப்பு ஒன்று. உயிரோடு இருப்பது நம் கண்ணில் படும் வாய்ப்பு இன்னொன்று. 0.8 × 0.6 என்றாலும் 0.48, 0.6 × 0.8 என்றாலும் 0.48. ஒரே ஒரு மறுதேடலை வைத்து இவற்றைப் பிரிக்கவே முடியாது. மூன்றாம் ஆண்டும் போக வேண்டும். முதல் ஆண்டு பார்த்து, இரண்டாம் ஆண்டு தவறவிட்டு, மூன்றாம் ஆண்டு மறுபடி பார்த்த பறவை இருக்கிறதே, அதுதான் பொக்கிஷம். ‘போன வருஷமும் நான் உயிரோடுதான் இருந்தேன், நீங்கள்தான் பார்க்கவில்லை’ என்று சொல்லும் சாட்சி அது. புள்ளியியலாளர்களான கார்மாக் 1964இலும், ஜாலியும் செபரும் 1965இலும் உருவாக்கிய கணித மாதிரி (model), இப்படிப்பட்ட வரலாறுகளிலிருந்துதான் இரண்டு வாய்ப்புகளையும் பிரித்தெடுக்கிறது. ‘எல்லா ஆண்டும் ஒரே அளவு உழைத்துத்தான் தேடினோம்’ என்பது இதற்கு மாற்றாகாது. மழை, புதரின் அடர்த்தி, தேடுபவரின் அனுபவம் எல்லாமே மாறிக்கொண்டிருக்கும்.

சரி, பிரித்தாகிவிட்டது. கிடைத்த எண் உண்மையான உயிர்பிழைப்பு வீதமா? அதுவும் இல்லை. ஆய்விடத்தை விட்டு நிரந்தரமாகப் போன விலங்கும் இந்தக் கணக்கில் இறந்ததாகவே சேரும். அதனால் அதைத் ‘தோற்ற உயிர்பிழைப்பு’ (apparent survival, அதாவது வெளித்தோற்றத்துக்குத் தெரியும் உயிர்பிழைப்பு) என்றுதான் எழுத வேண்டும். புது இடம் தேடிப் போகும் இளம் விலங்குகளில் இந்தப் பிழை பெரிதாகும். குஞ்சுகள் அதிகம் சாகின்றன என்று தவறாக முடிவுகட்டிவிடுவோம். வயதுவாரியாகப் பிரிப்பது அவசியம். ஆய்விடத்துக்கு வெளியே இறந்து கிடைத்தவற்றின் வளையத் தகவலும் இருந்தால், அதையும் சேர்த்துக் கணக்கிடுவது நல்லது. வழிப்போக்காக ஒருமுறை வந்து சிக்கிய விலங்குகளும் இதேபோல் வீதத்தைக் கீழே இழுக்கும்.

அடையாளம் கழன்று விழுந்தாலும் கணக்குக்கு அது மரணம்தான். சில விலங்குகளுக்காவது இரட்டை அடையாளம் போட்டால், எத்தனை கழல்கின்றன என்று மதிப்பிடலாம். தவறாகப் படிப்பது இன்னும் சிக்கலானது. புகைப்படத்தில் பழைய விலங்கைப் புதியது என்று பதிந்தால், ஒருமுறை மட்டும் தோன்றி மறையும் ஒரு போலி விலங்கு உருவாகும், வீதம் குறையும். வளைய எண்ணைத் தவறாகப் படித்து, என்றோ இறந்த பறவையின் எண்ணை எழுதினால், இறந்தது உயிர்த்தெழும், வீதம் கூடும்.

இடைவெளிகளையும் கவனியுங்கள். மாத வீதம் 0.95 என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஓராண்டுக்கு, அதாவது 12 மாதத்துக்கும் 0.95ஐ 0.95ஆல் தொடர்ந்து பெருக்கினால் (0.95¹²) சுமார் 0.54. மூன்று மாத இடைவெளியில் வந்த வீதத்தையும் ஓராண்டு இடைவெளியில் வந்த வீதத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது.

அப்புறம், மாதிரி நம் தரவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் பொருத்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ஒருமுறை பொறியில் சிக்கிய விலங்கு அதன்பின் பொறியைத் தவிர்த்தாலோ தேடி வந்தாலோ, மாதிரியின் அனுமானம் உடைந்துபோகும்.

இரண்டு வாய்ப்புகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்று மாதிரியை அமைத்திருந்தால், கடைசி இடைவெளிக்கு மட்டும் மீண்டும் அந்தப் பெருக்கல்தான் மிஞ்சும். மென்பொருள் அங்கேயும் ஓர் எண்ணைத் தரும். அதை வரைபடத்தில் போட்டு ‘இந்த ஆண்டு உயிர்பிழைப்பு சரிந்தது’ என்று எழுதாதீர்கள். இன்னோர் ஆண்டுத் தரவு வரும்வரை அந்தப் புள்ளியை விட்டுவிடுங்கள்.