'தி சைட்வைண்டர்' ஆல்பத்தைக் கீழிருந்து மேலாகக் கேட்பது எப்படி

ஜாஸ் பக்கம் புதிதாக எட்டிப்பார்க்கும் யாருக்கும் ட்ரம்பெட்காரர் லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்' ஆல்பத்தை யாராவது ஒருத்தர் சிபாரிசு செய்துவிடுவார். கேட்கிறவரும் முதல் பாட்டைப் போடுவார், காலால் தாளம் தட்டுவார், நன்றாகத்தான் இருக்கிறது என்பார். நாலாவது நிமிடத்தில் சோலோ, அதாவது ஒருத்தர் முன்னால் வந்து மனோதர்மமாக வாசிக்கும் பகுதி, எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று பிடிபடாமல் வேறு எதையாவது தேடிப் போய்விடுவார். அப்புறம், ஜாஸ் நமக்கு ஒத்துவராது என்று ஒரு தீர்ப்பு வேறு.

ட்ரம்பெட்காரர் ஆல்பம் என்பதால் எல்லோரும் முதலிலேயே ட்ரம்பெட்டின் பின்னால் ஓடுகிறார்கள். நான் சொல்வது தலைகீழ்: ட்ரம்ஸ், பேஸ், பியானோ மூன்றையும் முதலில் பிடியுங்கள், ட்ரம்பெட்டைக் கடைசிக்கு வையுங்கள். 60 வருஷம் தாண்டியும் இந்த ஆல்பம் பழசாகாமல் இருப்பதற்குக் காரணம் அந்த மூன்று பேரிடம்தான் இருக்கிறது என்பது என் கட்சி. மார்கன் எவ்வளவு பெரிய ஆள் என்பதும் அதற்கு அப்புறம்தான் சரியாகத் தெரியும்.

தேவையான விவரத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். பதிவானது 1963 டிசம்பர் 21, ஒரே நாளில், நியூ ஜெர்சியில் எங்கில்வுட் கிளிஃப்ஸ் என்ற ஊரில் இருந்த ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில். 1964-ல் ப்ளூ நோட் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்டது. ட்ரம்பெட் லீ மார்கன், டெனர் சாக்ஸ் ஜோ ஹெண்டர்சன், பியானோ பேரி ஹாரிஸ், பேஸ் பாப் கிரான்ஷா, ட்ரம்ஸ் பில்லி ஹிக்கின்ஸ். மொத்தம் ஐந்து பாட்டு, ஐந்தும் மார்கன் எழுதியவை, எல்லாம் சேர்த்து 40 நிமிடம். அப்போது அவருக்கு வயது 25.

கேட்க உட்காரும் முன் ஒரு விஷயம். ஃபோன் ஸ்பீக்கரில் இதைப் போடாதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போய்விடும், பேஸ் போனால் இந்த ஆல்பத்தில் பாதி போயிற்று. சுமாரான ஹெட்ஃபோன் போதும். எந்தப் பதிப்பு நல்லது, மோனோவா ஸ்டீரியோவா என்று சேகரிப்பவர்கள் விடிய விடிய சண்டை போடுவார்கள், முதல் முறை கேட்பவருக்கு அது தேவையில்லாத தலைவலி.

சரி, முதல் பாட்டு, ஆல்பத்தின் பெயரையே கொண்டது, 10 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். முதல் தடவை போடும்போது ஹிக்கின்ஸை மட்டும் கவனியுங்கள். ஜாஸ் ட்ரம்ஸ் என்றதும் நினைவுக்கு வரும் அந்தத் துள்ளல் நடை, அதாவது ஸ்விங், இந்தப் பாட்டில் இல்லை. ஒவ்வொரு தட்டையும் இரண்டு சம பாகமாக வெட்டி, நடன அரங்குக்கு ஏற்ற மாதிரி ஒரு நேர் நடையில் போகிறார். அந்தக் காலத்தில் இந்த வகைத் தாளத்துக்கு பூகலூ என்று பெயர் வந்தது. ஹெர்பி ஹான்காக்கின் 'வாட்டர்மெலன் மேன்' பாட்டை 1962-ல் முதன்முதலில் பதிவு செய்தபோதும் ட்ரம்ஸில் இதே ஹிக்கின்ஸ்தான். இன்னொரு பக்கம், ஆர்னெட் கோல்மனோடு சேர்ந்து கட்டுப்பாடே இல்லாத இசைக்கு வாசித்தவரும் இவரே. அந்த அனுபவம் உள்ள கை என்பதால்தான் பத்து நிமிடமும் ஒரே தாளத்தில் போனாலும் மிஷின் மாதிரி இருப்பதில்லை, சோலோ வாசிப்பவர் மூச்சு விடும் இடத்தில் ஒரு சின்ன தட்டு, வாக்கியம் முடியும் இடத்தில் இன்னொன்று என்று ஓயாமல் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சத்தம் கூட்டாமல் இதைச் செய்கிறார் என்பதுதான் சாமர்த்தியம்.

இரண்டாவது தடவை பியானோவும் பேஸும். ஹாரிஸின் வலது கை, இடது கை என்றெல்லாம் பிரிக்க வேண்டாம், திரும்பத் திரும்ப வரும் அந்தக் குட்டித் துண்டை மட்டும் காதில் மாட்டிக்கொள்ளுங்கள். பாட்டு முழுக்க அதுதான் ஆணி. சுவாரசியம் என்னவென்றால் ஹாரிஸ் டெட்ராய்டிலிருந்து வந்த அசல் பீபாப் (வேகமும் சிக்கலுமான ஜாஸ் பாணி) ஆசாமி, நடனத் தாளத்தில் ஒரே துண்டை வாசித்துக்கொண்டிருப்பது அவர் வழக்கம் இல்லை. எனக்கு அவருடைய சோலோ இந்தப் பாட்டில் லேசாக ஒட்டாமல்தான் கேட்கிறது, ஆனால் அந்த ஒட்டாமையே பாட்டுக்குக் கொஞ்சம் உப்பு சேர்க்கிறது.

மூன்றாவது தடவை எண்ண வேண்டும். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குதான். இது ப்ளூஸ். வழக்கமான ப்ளூஸுக்கு 12 பார், இங்கே அதை அப்படியே இரட்டிப்பாக்கி 24 பார். ஒரு பாருக்கு நான்கு தட்டு. "ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு, இரண்டு-இரண்டு-மூன்று-நான்கு, மூன்று-இரண்டு-மூன்று-நான்கு" என்று பாரின் எண்ணை முதலில் வைத்து விரல் விட்டு எண்ணிக்கொண்டே போங்கள். முதல் 8 பார் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். 9-ல் தரை ஒரு படி ஏறின மாதிரி இருக்கும், 4 பார் அங்கே. 13-ல் பழைய இடத்துக்குத் திரும்பும். 17-க்கு அப்புறம் கொஞ்சம் வளைந்து நெளிந்து, 24-ல் முடிந்து மறுபடி ஒன்று. அவ்வளவுதான். சோலோ என்பது இந்த 24 பாரின் மேல் சுற்றிச் சுற்றி வருவது. எத்தனை சுற்று வேண்டுமானாலும் போகலாம், ஆனால் வழி மாறாது. எண்ணிக்கை நடுவில் தவறிப்போனால் அந்தத் தரை ஏறும் இடத்துக்காகக் காத்திருந்து, அங்கே 9 என்று பிடித்துக்கொள்ளலாம். எண்ண அலுப்பாக இருந்தால் சோலோ ஓடும்போதே முதலில் கேட்ட மெட்டை மனசுக்குள் பாடிக்கொண்டு வாருங்கள், அது மிகச் சரியாகப் பொருந்துவதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

இப்போது மார்கன். மெட்டு முடிந்ததும் முதல் சோலோ அவருடையது. அவர் பின்னணி தெரிந்தால் காது இன்னும் கூர்மையாகும்: பிலடெல்ஃபியா பையன், 18 வயதில் டிஸ்ஸி கில்லெஸ்பியின் பெரிய பேண்டில் சேர்ந்தார், 1957-ல் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயின்' பதிவில் வாசித்தபோது வயது 19, அடுத்த வருஷம் ட்ரம்ஸ்காரர் ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழுவில் இடம். 1961-ல் ஹெராயின் பழக்கம் அவரைக் கீழே தள்ள, நியூயார்க்கை விட்டு ஊருக்குத் திரும்பினார். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் பெரிதாக எதுவும் இல்லை. 1963 கடைசியில் மறுபடி வந்தபோது செய்த ஆல்பம் இது.

சோலோவில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். முதலாவது, இடைவெளி. இளவயது மார்கன் சுரங்களைக் கொட்டித் தள்ளுவார், இங்கே ஒரு சின்ன வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்தி, ஹிக்கின்ஸ் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறார். இரண்டாவது, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பக் குத்துவது. சுரம் மாறாது, தாளம் மட்டும் மாறும், ட்ரம்பெட்டைக் கொஞ்ச நேரம் ட்ரம்ஸாக மாற்றிவிடுகிறார். மூன்றாவது, வால்வை அரைகுறையாக அமுக்குவது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ட்ரம்பெட்டில் மூன்று வால்வு உண்டு, முழுசாக அமுக்க வேண்டும் அல்லது விட வேண்டும், பாடம் சொல்லிக்கொடுப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மார்கன் பாதியில் நிறுத்துவார். காற்று நேர் வழி கிடைக்காமல் திணறும், சுரம் அடைபட்டு, நசுங்கி, வழுக்கிக்கொண்டு மேலே வந்து சரியான இடத்தில் திறந்துகொள்ளும். ஒருத்தர் பேச்சுவாக்கில் "ம்ம்..." என்று இழுத்துவிட்டு நக்கலாக ஒன்றைச் சொல்வதைப் போல இருக்கும். அந்தக் குறும்பு ஒரு தடவை காதில் விழுந்துவிட்டால் பத்து ட்ரம்பெட் நடுவிலும் இவரைக் கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்து வரும் ஹெண்டர்சனையும் விட்டுவிடாதீர்கள். மார்கன் தாளத்தோடு உரசி விளையாடினார் என்றால் இவர் கரகரவென்று வேறொரு கோணத்தில் வந்து அதே 24 பாரைக் கோணல்மாணலாக மடக்குகிறார். மெட்டில் இருவரும் சேர்ந்து ஒரே வரியை வாசிப்பதைக் கேட்ட பிறகு இந்த வித்தியாசம் இன்னும் நன்றாக எடுபடும்.

பலர் இந்த முதல் பாட்டோடு நிறுத்திவிடுகிறார்கள், அதுதான் ஹிட் ஆனது என்பதால். ஆனது உண்மைதான், இரண்டு பக்கமாக வெட்டி சிங்கிளாக வந்தது, ஆல்பம் பில்போர்டு பட்டியலில் 25-வது இடம் வரை ஏறியது, ஜாஸுக்கு அது சாதாரணம் இல்லை. ஆனால் அடுத்த நான்கில்தான் ஆல்பம் இருக்கிறது. 'டோட்டம் போல்' என் தேர்வு: மெட்டின் முதல் பகுதி லத்தீன் சாயலில் லேசான சோகத்தோடு போய், நடுப்பகுதியில் சட்டென்று ஸ்விங்குக்கு மாறும். அந்த மாற்றத்தை சோலோக்களிலும் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள், பிடித்துவிட்டால் ஜாஸ் கேட்பதில் ஒரு பெரிய தடை தாண்டியாயிற்று. 'கேரிஸ் நோட்புக்', 'பாய், வாட் எ நைட்' இரண்டும் மூன்று மூன்றாக உருளும் நடை, நான்காக எண்ணினால் தடுமாறுவீர்கள். இரண்டாவதில் மெட்டே கொண்டாட்டமாக இருப்பதால் அதிகம் விளக்க வேண்டியதில்லை. 'ஹோகஸ் போகஸ்' 'மீன் டு மீ' என்ற பழைய பாட்டின் கார்டுகளை (chords, மெட்டுக்கு அடியில் ஓடும் சுரக்கூட்டங்கள்) எடுத்து மேலே புது மெட்டு போட்டது, பீபாப்காரர்களின் பழைய வித்தை. இங்கே ஹாரிஸ் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டார், முதல் பாட்டில் அவரைப் பற்றி நான் குறை சொன்னது இந்தப் பாட்டுக்குப் பொருந்தாது.

நாற்பது நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எல்.பி.யின் முதல் பக்கத்தில் முதல் இரண்டு பாட்டு, இரண்டாம் பக்கத்தில் மற்ற மூன்று. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று போனால் இன்னும் நல்லது.

இது முடிந்து அடுத்து என்ன என்று கேட்டால், பெயரும் பாணியும் ஒத்துப்போகிறதே என்று மார்கனின் 'தி ரம்ப்ரோலர்' ஆல்பத்தின் பக்கம் உடனே போகாதீர்கள். 'சைட்வைண்டர்' விற்ற வேகத்தில், அதே அச்சில் ஒரு நடனப் பாட்டை ஆல்பத்தின் தலையில் வைப்பது ப்ளூ நோட்டில் வழக்கமாகிவிட்டது, நன்றாகவே இருந்தாலும் சாயல் தெரியும். மாறாக, 1964 பிப்ரவரியில், அதாவது இரண்டே மாதத்தில், மார்கன் பதிவு செய்த 'சர்ச் ஃபார் தி நியூ லேண்ட்' ஆல்பத்தைப் போடுங்கள். அது 1966 வரை வெளியே வரவில்லை. தலைப்புப் பாட்டு 15 நிமிடத்துக்கும் மேல், நடனத்துக்கு அங்கே வேலையே இல்லை, அவ்வளவு நிதானம். அங்கேயும் ட்ரம்ஸில் ஹிக்கின்ஸ்தான், அதனால் எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று உங்களுக்கே தெரியும்.