பொகோட்டாவில் வழி தவறாமல் சுற்ற: மலையையும் தெரு எண்ணையும் பிடித்துக்கொள்ளுங்கள்

கொலம்பியாவின் தலைநகரில் முதல்முறை இறங்கியதும் கை தானாகக் கைப்பேசி வரைபடத்துக்குப் போகும். தெருவில் நின்றுகொண்டு அதைத் திறக்காதீர்கள். ‘பப்பாளி கொடுக்காதே’ என்பது அந்த ஊர்ப் பேச்சு; திருடனுக்கு நீயே வாய்ப்புக் கொடுக்காதே என்று பொருள். கைப்பேசி இல்லாமலும் சமாளிக்கலாம், ஏனென்றால் அங்கே முகவரிதான் வரைபடம்.

படி 1: மலை எங்கே?

நகரின் கிழக்கு ஓரம் நெடுக மலைத்தொடர். 3,152 மீட்டர் உயர மொன்செராத்தே உச்சியில் வெள்ளையாக ஒரு தேவாலயம் தெரியும். மலையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வடக்கு, வலக்கைப் பக்கம் தெற்கு. மேகம் மூடிவிட்டதா? பழைய நகரமான லா கான்டெலாரியாவில் தெரு எந்தப் பக்கம் ஏறுகிறதோ அதுதான் கிழக்கு.

படி 2: முகவரியை வாசிக்கப் பழகுங்கள்

இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். மலைக்கு இணையாக, வடக்கு தெற்காக ஓடும் தெரு ‘கர்ரேரா’. மலையிலிருந்து மேற்கே போகப்போக அதன் எண் கூடும். அதைக் குறுக்கே வெட்டுவது ‘காயே’ (நம் காய்கறிக் காயேதான், உச்சரிப்பில்). வடக்கே போகப்போக காயே எண் கூடும்.

போட்டேரோ அருங்காட்சியகத்தின் முகவரி: காயே 11 # 4-41. அதாவது காயே 11-இல், கர்ரேரா 4 வெட்டும் முனையிலிருந்து சுமார் 41 மீட்டர் தள்ளி. தேசிய அருங்காட்சியகம்: கர்ரேரா 7 # 28-66. கர்ரேரா 7-இல், காயே 28 முனையைத் தாண்டி சுமார் 66 மீட்டர்.

இப்போது முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக வேண்டும். 4-இலிருந்து 7-க்கு, மலைக்கு முதுகு காட்டி மூன்று தெரு இறங்குங்கள். பிறகு மலை வலப்பக்கம் இருக்கும்படி திரும்பி, 11-இலிருந்து 28 வரை நேரே நடங்கள். அவ்வளவுதான். ஊரே சுமார் 2,640 மீட்டர் உயரத்தில் இருப்பதால் முதல் நாள் மூச்சு வாங்கும். மெதுவாக நடந்தால் போதும்.

படி 3: மூன்று பொறிகள்

முகவரியில் ‘சூர்’ என்ற சொல் இருந்தால் தெற்கு. காயே 26 வேறு, காயே 26 சூர் வேறு. இரண்டுக்கும் நடுவே பல கிலோமீட்டர். டாக்சியில் ஏறும்போது அந்த ஒரு சொல்லை விழுங்கிவிடாதீர்கள். அடுத்தது, 7ஏ, 7பி, ‘பிஸ்’ என்று எண்ணுக்கு வால் முளைத்த தெருக்கள். முழு எண்களுக்கு இடையில் செருகப்பட்டவை. கடைசியாக, பெரிய சாலைகளுக்குப் பெயரும் உண்டு. கர்ரேரா 14-ஐ ‘கராகஸ்’ என்பார்கள்.

படி 4: சிவப்புப் பேருந்து

மெட்ரோ இன்னும் கட்டுமானத்தில்தான் இருக்கிறது. நகரைச் சுமப்பது 2000 டிசம்பரில் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ. சாலை நடுவே தனித்தடம், தனி நிலையங்கள். உள்ளே நுழைய ‘துயாவே’ அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். பேருந்தில் காசு கொடுத்துப் பயணம் செய்ய முடியாது.

புதியவர்கள் குழம்புவது பேருந்து எண்ணில்தான். முன்னால் உள்ள எழுத்து பேருந்து போகும் தடத்தைச் சொல்கிறது, நீங்கள் நிற்கும் இடத்தை அல்ல. ‘பி’ வடக்கு நெடுஞ்சாலை, ‘கே’ விமான நிலையம் இருக்கும் காயே 26 பக்கம், ‘ஜே’ பழைய நகரம். அதனால் போன எழுத்திலேயே திரும்பி வர முடியாது. திரும்பும்போது வேறு எழுத்தைத் தேடுங்கள். எழுத்தில்லாமல் வெறும் எண் போட்ட பேருந்து எல்லா நிலையத்திலும் நிற்கும். முதல் வாரம் அதிலேயே போங்கள். மெதுவானதுதான், ஆனால் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடாது. நிலையத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் கதவு. பலகையைப் பார்த்துவிட்டு வரிசையில் நில்லுங்கள். காலை, மாலை நெரிசலில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்வது நல்லது.

படி 5: மீதி

நீலப் பேருந்துகளுக்கும் அதே அட்டைதான். நிறுத்தத்தில் கை காட்ட வேண்டும். தெற்கே துனால் முனையத்திலிருந்து 2018 முதல் ஓடும் டிரான்ஸ்மிகாப்ளே கம்பிவட ஊர்தியிலும் அந்த அட்டையே செல்லும். மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்கு மேலே பதின்மூன்று நிமிடப் பயணம்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் அட்டையும் வேண்டாம். காலை 7 முதல் மதியம் 2 வரை ‘சிக்லோவியா’: நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டு மிதிவண்டிக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுகிறார்கள். படி 2-இல் சொன்ன கணக்கைப் பழக அன்றைய கர்ரேரா 7-ஐ விட வசதியான இடம் கிடையாது.