சம்பளக்காரர் தமது வருமான வரிக் கணக்கைத் தாமே தாக்கல் செய்வது எப்படி?

மாதச் சம்பளமும் வங்கி வட்டியும் தவிர வேறு வருமானம் இல்லாத ஒருவர், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்காகப் பிறருக்குக் கட்டணம் கொடுக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. வருமான வரித் துறையின் இணையதளத்தில் தாக்கல் செய்வது இலவசம். படிவத்தின் பெரும்பகுதியும் ஏற்கெனவே நிரப்பப்பட்டே நம் முன் வருகிறது. எஞ்சியிருப்பது சரிபார்க்கும் வேலை. அதை நம்மைவிட அக்கறையோடு செய்யக்கூடியவர் வேறு எவரும் இல்லை.

ஆண்டு வருமானம் 50 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சம்பளக்காரர்களில் பெரும்பாலோருக்கு உரியது 'சகஜ்' எனப்படும் ஐடிஆர்-1 படிவம். கடை, தொழில், பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்த) வணிகம், நிலம் விற்ற லாபம், வெளிநாட்டுச் சொத்து ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் இந்தப் படிவம் பொருந்தாது. அத்தகையவர்கள் ஆடிட்டருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு ஆகாது.

முதலில், சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் ஜூன் 15-க்குள் தர வேண்டிய சான்றான படிவம் 16-ஐ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பான் எண்ணைக் கொண்டு இணையதளத்தில் நுழைந்து, 26ஏஎஸ் (நம் பெயரில் பிடிக்கப்பட்ட, கட்டப்பட்ட வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (நம் வட்டி முதலிய வருமானங்களைப் பற்றித் துறையிடம் உள்ள ஆண்டுத் தகவல்) ஆகிய இரண்டு அறிக்கைகளையும் பதிவிறக்குங்கள். ஏஐஎஸ் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கும். பான் எண்ணைச் சிறிய எழுத்துகளில் இட்டு, அதனுடன் பிறந்த நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றை எட்டு இலக்கங்களாக இடைவெளியின்றிச் சேர்த்தால் திறந்துவிடும். பலர் இந்த இடத்தில்தான் சலித்துப்போய் ஏஜென்டைத் தேடுகிறார்கள்.

மூன்று தாள்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. படிவம் 16-இல் சம்பளம் மட்டுமே இருக்கும். சேமிப்புக் கணக்கு வட்டியும் வைப்புநிதி வட்டியும் ஏஐஎஸ்ஸில் இருக்கும். ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டாத வரை, மூத்த குடிமக்கள் அல்லாதோருக்கு அந்த வங்கி டிடிஎஸ் (வருமானம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வரி) பிடிப்பதில்லை. பிடிக்காததால் அந்த வட்டிக்கு வரியே இல்லை என்று எண்ணிக் கணக்கில் காட்டாமல் விடுபவர்களுக்கே பின்னர் துறையிலிருந்து மின்னஞ்சல் வருகிறது.

ஆண்டின் நடுவில் வேலை மாறியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2025-26 நிதியாண்டில் ஒருவர் முதல் ஆறு மாதங்களில் ஒரு நிறுவனத்தில் 6 லட்சமும், அடுத்த ஆறு மாதங்களில் வேறொரு நிறுவனத்தில் 9 லட்சமும் பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். பழைய சம்பள விவரத்தைப் புதிய நிறுவனத்துக்கு அவர் தெரிவிக்காவிட்டால், இரண்டு நிறுவனங்களும் சம்பளக்காரர் எல்லோருக்கும் உரிய 75,000 ரூபாய் நிலைக்கழிவைத் தனித்தனியே கழித்து, வருமானம் வரி இல்லாத 12 லட்சத்துக்குள்தானே இருக்கிறது என்று ஒரு ரூபாய்கூட வரி பிடிக்காமல் விட்டிருக்கும். ஆனால் இரண்டையும் கூட்டினால் 15 லட்சம். நிலைக்கழிவை ஒருமுறை மட்டும் கழித்தால் 14,25,000. புதிய வரிமுறையில் இதற்கான வரி 93,750 ரூபாய். 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 97,500 ரூபாய். முன்வரி (ஆண்டு முடியும் முன்பே தவணைகளில் கட்ட வேண்டிய வரி) கட்டாததற்கான வட்டி இதற்கு மேல். இந்தத் தொகையை 'இ-பே டாக்ஸ்' பகுதியில் 'செல்ஃப் அசெஸ்மென்ட்' வரியாகக் கட்டி, அந்தச் சலான் (கட்டிய ரசீது) விவரம் படிவத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே சமர்ப்பிக்க வேண்டும்.

அடுத்தது, கழிவுகள் அதிகமுள்ள பழைய வரிமுறையா, கழிவுகள் குறைந்தாலும் வரி விகிதமும் குறைவான புதிய வரிமுறையா என்ற கேள்வி. எதையும் தேர்வு செய்யாவிட்டால் புதியதுதான் பொருந்தும். 2025-26-இல் சம்பளம் 12,75,000 ரூபாய் வரை மட்டுமே உள்ளவருக்கு, வேறு வருமானமும் இல்லையென்றால், புதிய முறையில் வரியே இல்லை என்பதால் அவர் இதைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை. அதற்கு மேல் உள்ளவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேற்கண்ட 15 லட்சக்காரர் பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, பி.எஃப், ஆயுள் காப்பீடு போன்ற சேமிப்புகளுக்கான 80சி பிரிவில் 1,50,000, வீட்டுக்கடன் வட்டி 2,00,000, மருத்துவக் காப்பீடு 25,000 என்று அனைத்தையும் கழித்தாலும் செஸ் உட்பட 1,40,400 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். கழிவுகள் மொத்தமாக 5,93,750 ரூபாயைத் தாண்டினால்தான் பழைய முறை அவருக்கு லாபம். பெரும்பாலும் வீட்டு வாடகைப்படியும் சேர்ந்தால்தான் அது கைகூடும். வரியை மிச்சப்படுத்துவதற்கென்றே காப்பீட்டு பாலிசி எடுத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. பழைய முறையே வேண்டும் என்றால், கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

கொடுக்காத நன்கொடையையும் வாடகையையும் காட்டிப் பெரிய ரீஃபண்டு வாங்கித் தருவதாகச் சொல்லிப் பங்கு கேட்பவர்களிடம் சிக்கிக்கொள்ளாதீர்கள். நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் பான் எண்ணுக்கு உரியவரே.

ஐடிஆர்-1-க்கு வழக்கமான கெடு ஜூலை 31. தவறினால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000 ரூபாய். கடைசி வாரத்தில் தளம் திணறும் என்பதால், ஜூலை முதல் பாதியிலேயே வேலையை முடித்துவிடுவது என் வழக்கம்.

சமர்ப்பித்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்ப்பை முடிக்காவிட்டால் தாக்கல் நிறைவடையாது. ரீஃபண்டு வர வேண்டியவர்கள் தங்கள் வங்கிக் கணக்கு தளத்தில் உறுதிசெய்யப்பட்டிருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிட வேண்டும். பின்னர் 143(1) பிரிவின் கீழ் ஓர் அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். அதில் நாம் காட்டிய தொகை ஒரு பத்தியிலும், துறை கணக்கிட்ட தொகை அடுத்த பத்தியிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் அதைப் படிவம் 16-உடன் சேர்த்துக் கோப்பில் போட்டு வையுங்கள். வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது வங்கியில் முதலில் கேட்பது இந்தத் தாள்களைத்தான்.