லெசோத்தோவில் நீங்களே கார் ஓட்டிச் சுற்றப்போகிறீர்களா? திட்டத்திலேயே நடக்கும் தவறுகள்

லெசோத்தோவின் பரப்பளவு சுமார் 30,000 சதுர கிலோமீட்டர்தான். நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்திருக்க, வரைபடத்தில் ஒரு பொட்டு மாதிரி தெரியும். ஜோகனஸ்பர்க்கிலோ டர்பனிலோ காரை வாடகைக்கு எடுத்து, "வழியில் இதையும் ஒரு நாளில் பார்த்துவிடலாம்" என்று பலர் திட்டம் போடுவது இதனால்தான். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேயே தொடங்குகின்றன. இந்த நாட்டின் மிகத் தாழ்வான இடமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் பார்க்க ஆசைப்படும் இடங்களில் பாதிக்கு மேல் அதைவிட இன்னும் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் மேலே. இங்கே கிலோமீட்டரைக் கூட்டிப் போட்டு நாளைக் கணக்கிடக் கூடாது. ஏறி இறங்க வேண்டிய கணவாய்களைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. வடக்கே புத்தா புத்தே ஊரிலிருந்து மொகொட்லொங் போகும் சாலை முழுவதும் தார்ச்சாலைதான். ஆனால் அது முதலில் 2,820 மீட்டர் உயரமுள்ள மொதெங் கணவாயில் ஏறுகிறது. அப்புறம் ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்குத் தளத்தைத் தாண்டி 3,200 மீட்டருக்கு மேலே போகிறது. சமவெளியில் இரண்டு மணி நேரத்தில் முடிகிற தூரம் இங்கே நான்கு மணி நேரம் எடுக்கும். முன்னால் ஒரு லாரி முக்கி முக்கி ஏறிக்கொண்டிருந்தால் இன்னும் கூடும். கைப்பேசி வரைபடம் காட்டும் நேரத்தை நம்பாமல், அதோடு குறைந்தது பாதியாவது கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு நான்கைந்து மணி நேர ஓட்டம் போதும் என்பது என் கருத்து. நின்று பார்க்க அவ்வளவு இருக்கும் நாட்டில் ஸ்டீயரிங்கையே பிடித்துக்கொண்டிருப்பதில் என்ன பயன்?

திட்டத்தையே கவிழ்த்துவிடக்கூடிய பெரிய தவறு சானி கணவாய் தொடர்பானது. டர்பன் பக்கமிருந்து லெசோத்தோவுக்குள் ஏறும் புகழ்பெற்ற மலைப்பாதை அது. உச்சி சுமார் 2,876 மீட்டர். தென்னாப்பிரிக்கச் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றமும் கொண்டை ஊசி வளைவுகளும் கற்களும் நிறைந்த பாதை. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி இல்லையென்றால் அந்தச் சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது பலருக்குத் தெரிந்ததுதான். தெரியாமல் மாட்டிக்கொள்வது எதிர்த்திசையில் வருகிறவர்கள். லெசோத்தோவுக்குள் மொகொட்லொங்கிலிருந்து சானி உச்சி வரை இப்போது நல்ல தார்ச்சாலை. சாதாரண வாடகைக் காரிலேயே 3,240 மீட்டர் கோட்டிசெஃபோலா கணவாயைக் கடந்து உச்சிக்கு வந்துவிடலாம். வந்தபிறகுதான் கீழே இறங்க வழியில்லை என்று புரியும். அன்று இரவு மலைக்குக் கீழே அண்டர்பெர்க்கில் அறை பதிவு செய்திருந்தால், வந்த வழியே மொகொட்லொங், ஆக்ஸ்போ, புத்தா புத்தே என்று திரும்பி, எல்லை தாண்டி, தென்னாப்பிரிக்காவுக்குள் பெரிய வட்டமடித்துத்தான் அங்கே போய்ச்சேர முடியும். அதற்கே ஒரு முழு நாள் போய்விடும்.

ஆகவே சிறிய கார் என்றால் சானி உச்சியைப் போய்த் திரும்பும் இடமாக மட்டும் வையுங்கள். இல்லையென்றால் காரைக் கீழே விட்டுவிட்டு, அண்டர்பெர்க் அல்லது ஹிம்வில்லிலிருந்து கிளம்பும் சுற்றுலா ஜீப்பில் ஏறிப் பாருங்கள். அது ஒன்றும் மட்டமான வழியல்ல. ஓட்டுகிற கவலையில்லாமல் மலையைப் பார்க்கலாம். சாவடி இரவில் மூடியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்படியானால் நாடு முழுக்க ஜீப் வேண்டுமா? வேண்டாம். இதில் எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: பழைய பயணக் கட்டுரைகளைப் படித்துப் பயந்து, தேவையில்லாத பெரிய வண்டிக்குக் காசைக் கொட்டுவது. தலைநகர் மசேருவிலிருந்து ரோமா வழியாகச் செமொன்கொங் போகும் சாலை ஒரு காலத்தில் கரடுமுரடாக இருந்தது. இப்போது தார் போட்டாகிவிட்டது. பக்கத்தில் 192 மீட்டர் உயரத்திலிருந்து விழும் மலெட்சுன்யானே அருவியைப் பார்க்க, செமொன்கொங் வரை சாதாரணக் காரிலேயே போய்விடலாம். 185 மீட்டர் உயரக் காட்சே அணைக்கும் வடக்கே ஹ்லோட்சே ஊர்ப் பக்கமிருந்து தார்ச்சாலை உண்டு. நடுவில் வரும் மஃபிகா லிசியு கணவாய் மட்டும் 3,090 மீட்டர். ஆனால் காட்சேயிலிருந்து அப்படியே தெற்கே தாபா ட்செகாவுக்குப் போகலாம் என்று வரைபடத்தைப் பார்த்து முடிவுசெய்தால், அது சரளைச் சாலை. மழைக்குப் பிறகு அதில் தாழ்வான காரைக் கொண்டுபோவது அடித்தட்டுக்கு நல்லதல்ல. ஒவ்வொரு துண்டுச் சாலையாக, தார் போட்டதா, சரளையா என்று தங்கப்போகும் விடுதிக்காரரிடமே கேட்டுவிடுங்கள். முந்தின வாரம் அந்த வழியில் வந்தவர்களின் வண்டி நிலை அவர்களுக்குத் தெரியும்.

வண்டியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறக்குறைய பத்து சதவீதம் இழுவையை இழக்கும். மூவாயிரம் மீட்டரில், நான்கு பேரும் பெட்டிகளும் ஏற்றிய 1.2 லிட்டர் கார் முதல் கியரில் திணறும். ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. பிரேக்கை மிதித்துக்கொண்டே நீளமான இறக்கத்தில் வந்தால் பிரேக் சூடாகி, பிடிமானம் குறைந்து, ஒரு கட்டத்தில் நிற்கவே நிற்காது. எந்தக் கியரில் ஏற வேண்டியிருக்குமோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் கார் எடுக்கிறவர்கள், அதில் கீழ்க் கியரை நாமாகப் பூட்டிவைக்கும் வசதி இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டெப்னி முழு அளவு டயரா, ஜாக்கி இருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள்.

அதே மேசையில் கேட்க வேண்டியது எல்லை தாண்டும் அனுமதிக் கடிதம். தென்னாப்பிரிக்காவில் எடுத்த வாடகைக் காரை லெசோத்தோவுக்குள் கொண்டுபோக நிறுவனத்தின் எழுத்து அனுமதி தேவை. அதற்குத் தனிக் கட்டணமும் வாங்குவார்கள். முன்பதிவு செய்யும்போதே சொல்லாவிட்டால் விமானநிலையத்தில் அந்தத் தாள் கையில் கிடைக்காமல் போகலாம். காப்பீட்டிலும் டயர், கண்ணாடி, அடித்தட்டு, சரளைச் சாலைச் சேதம், தண்ணீர் புகுந்த சேதம் ஆகியவை பெரும்பாலும் சேராது. சிற்றெழுத்தில் இருக்கும் அந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இதைவிட முக்கியமானது விசா. லெசோத்தோவுக்குள் போவதென்றால் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியதாகவே முத்திரை விழும். ஒருமுறை நுழைவு விசாவோடு போனால் திரும்பி உள்ளே வர முடியாது. விமானம் ஏற வேண்டிய ஊரோ எல்லைக்கு அந்தப் பக்கம். விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு கேளுங்கள். லெசோத்தோவுக்கான நுழைவு விதிகளையும் கிளம்பும் மாதத்தில் அவர்களுடைய தூதரகத்திடம் உறுதிசெய்யுங்கள். எல்லையில் இரண்டு பக்கமும் இறங்கிப்போய் முத்திரை வாங்குவது உங்கள் பொறுப்பு. யாரும் கூப்பிடவில்லையே என்று ஒரு முத்திரையை விட்டுவிட்டு ஓட்டிப்போனால் வெளியே வரும்போது கேள்வி வரும். மசேரு பாலத்து எல்லைச் சாவடி 24 மணி நேரமும் திறந்திருக்கும். மலைப்பக்கச் சாவடிகள் அப்படியில்லை.

காவல்துறைச் சோதனையில் வெளியூர்க்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. சாலையில் நிறுத்தப் பலகை வைத்திருப்பார்கள். காவலர் சற்றுத் தள்ளி நிற்பார். அந்தப் பலகையிலேயே நின்று, அவர் கைகாட்டிய பிறகுதான் நகர வேண்டும். நேராக அவர் பக்கத்தில் போய் நிறுத்தினால் அபராதம் எழுதலாம். நம்மூரைப் போல இங்கேயும் இடதுபக்க ஓட்டம்தான் என்பதால் பழகுவதில் சிரமமில்லை.

இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். ஆடும் மாடும் கழுதையும் சாலையோரத்திலேயே திரியும். மேய்ப்பர்கள் கருநிறக் கம்பளி போர்த்தி நடந்துவருவார்கள். விளக்கில்லாத வண்டிகளும் உண்டு. ஜூன் மாதத்தில் மாலை ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும், ஆகவே நான்கு மணிக்கு விடுதியை அடைவது போலத் திட்டமிட்டால் சரியாக இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலையில் பனி பெய்யும். வெயில் படாத வளைவுகளில் பனிக்கட்டி காலையிலும் உருகாமல் கிடக்கும். குளிர்காலம் முடிந்தது என்று செப்டம்பரை நம்புவதும் சரியல்ல. 2024 செப்டம்பரில் பெய்த பனியில் ஜோகனஸ்பர்க் - டர்பன் நெடுஞ்சாலையிலேயே ஏராளமான வண்டிகள் சிக்கிக்கொண்டன. கோடையில் வேறு கவலை: பிற்பகலில் இடியும் மின்னலுமாய் மழை கொட்டும். கணவாய்களைக் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது.

பணத்தில் பெரிய குழப்பமில்லை. லெசோத்தோ நாணயமான லொட்டியும் (பன்மையில் மலொட்டி) தென்னாப்பிரிக்க ரேண்டும் சம மதிப்பு. லெசோத்தோவில் ரேண்டை எல்லாரும் வாங்கிக்கொள்வார்கள். மாற்றிக் கொடுக்கும் சில்லறை மட்டும் மலொட்டியாக வரும், எல்லைக்கு வெளியே அது செல்லாது. திரும்பும் வழியில் பெட்ரோலுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். பெட்ரோல் என்றதும் நினைவுக்கு வருகிறது: பாதி டாங்க் இருக்கிறதே என்று மாவட்டத் தலைநகரங்களைத் தாண்டிப் போகாதீர்கள். அடுத்த பங்க் இரண்டு கணவாய்களுக்கு அப்பால் இருக்கலாம், அங்கே எரிபொருள் தீர்ந்தும் போயிருக்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மக்காச்சோளக் களியான பாப்பாவும் கீரையும் பெரும்பாலான இடங்களில் கிடைக்கும். கீரையில் இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இது எனக்கு மனதார முக்கியமாகப் படுவது. சாலையோரம் பிள்ளைகள் ஓடிவந்து மிட்டாய் கேட்பார்கள். ஓடும் காரிலிருந்து எறிந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதனால் பிள்ளைகள் வண்டிக்கு முன்னால் பாய்கிறார்கள். பள்ளி நேரத்திலும் சாலையில் நிற்கிறார்கள். கொடுக்க விரும்பினால் அந்த ஊர்ப் பள்ளியிலோ, ஊர்க்காரர்கள் நடத்தும் விடுதி வழியாகவோ கொடுங்கள். பிள்ளைகளுக்குக் கையசைத்து, "துமெலா" என்று வணக்கம் சொல்லி, வேகத்தைக் குறைத்துக் கடந்துபோங்கள்.